மலைச்சரிவும் திரையும்: தோட்டப் பாடசாலைக்கான விஞ்ஞானச் செயலி குறித்து ஒரு நோக்கு

விஞ்ஞானப் பாடத்தை நூலிலிருந்து கைத்தொலைபேசித் திரைக்கு மாற்றிவிட்டாற் கல்வி வளர்ந்துவிடும் என்று கருதுவோர் இன்று பலர். அக்கருத்து எத்துணைப் பொருத்தமானது என்பதை, பதுளை மாவட்டத் தோட்டப் பாடசாலைகளில் தரம் 6 முதல் 9 வரை பயிலும் மாணவரை மனத்திற்கொண்டு ஆராய்தல் தகும்.

இத்துறையில் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது, நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ள் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடக்கிய ‘ஃபெட்’ தொகுதியாகும். அதன் மின்சுற்றுச் சோதனையில் மாணவர் மின்கலத்தையும் குமிழையும் கம்பியையும் தாமே இணைக்கின்றனர். மின்கலத்தின் இரு முனைகளையும் வெறுங் கம்பியால் இணைத்தால் திரையிலே தீ எழுகின்றது. பிழை என்று எவரும் அதட்டுவதில்லை. ஏன் இவ்வாறாயிற்று என்னும் வினா தானே பிறக்கின்றது. ஆய்வுகூட வசதி குன்றிய பாடசாலைக்கு இது பெரும்பேறு. இச்சோதனைகளை முன்னரே இறக்கி வைத்துக்கொண்டால் இணையமின்றியும் இயக்கலாம். 2021இல் லுணுகலைப் பகுதி மாணவர் இணைய அலை தேடி மலையுச்சியில் மரக்குடிலேறிப் பயின்றமையை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர்.

எனினும், இரு குறைகளைச் சுட்டாதிருத்தல் இயலாது. முதலாவது மொழி பற்றியது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க முனைந்தபோது எதிர்கொண்ட கலைச்சொற் சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை. நமது பாடநூல் ‘ஒளித்தொகுப்பு’ என்பதைத் தமிழகம் ‘ஒளிச்சேர்க்கை’ என்கிறது. நமது ‘ஒட்சிசன்’ அங்கு ‘ஆக்சிஜன்’. தமிழகச் சொல்லோடு வரும் செயலி, பதுளைப் பிள்ளைக்கு இரண்டாம் அந்நிய மொழியாகிவிடக்கூடும்.

இரண்டாவது குறை களம் பற்றியது. மின்சுற்று எங்கும் ஒன்றே, மலைச்சரிவு அவ்வாறன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தன. மழைநீர் மண்துகள்களின் இடைவெளிகளை நிரப்பி, அவற்றின் பிடிப்பைத் தளர்த்துவதே சரிவின் அடிப்படை. சாய்வையும் மண்ணின் ஆழத்தையும் மழையளவையும் மாணவர் தாமே மாற்றிப் பார்க்கும் வகையில் இதனைத் திரையில் அமைக்கலாம். வெட்டிய போத்தலொன்றில் அன்றாட மழையை அளந்து, அவ்வளவைச் செயலியிற் பதியச் செய்யலாம். அப்பொழுதே திரை வாழ்க்கையோடு இணையும்.

செயலி உயிர் காக்கும் என்பது மிகை. மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் அங்கேயே வாழ்ந்தமைக்கு அறியாமையை மட்டும் காரணமாகக் கூறுதல் நீதியன்று. சொந்த நிலமும் மாற்று வீடும் அற்ற நிலையையும் நோக்குதல் வேண்டும். அந்நிலையைச் செயலி மாற்றாது. ஆயினும், அளந்தறிந்த பிள்ளை நாளை சான்றோடு உரிமை கேட்கும்.

ஆகவே, ஒரு செயலியை மதிப்பிடுமிடத்து, அது தரும் விடைகளை எண்ணுதல் போதாது; அது எவ்வினாக்களுக்கு இடமளிக்கின்றது என்பதே உரைகல். “எங்கள் லயத்தின் மேலுள்ள சரிவு எத்துணை மழையைத் தாங்கும்?” என்று ஒரு பிள்ளை கேட்க இடந்தராத செயலி, எத்துணை அழகாக அசைந்தாலும், மனனக் கல்விக்கு இட்ட புதிய உறையேயாகும்.