திறந்து பாராத தீர்ப்பு

பழுதுபார்ப்பது கஞ்சத்தனம் என்று ஒரு கட்சி நம்மிடையே வளர்ந்து வருகிறது. மற்ற ஊர்களில் எப்படியோ, கோயமுத்தூரில் இதற்கு ஆள் சேருவதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஜி. டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரத்தைப் படித்தார். அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைச் செய்தது இங்கேதான். 1955-ல் பி. சபாபதி ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டிக் கிரைண்டராக்கியதும் இங்கேதான்.

அந்தக் கிரைண்டரில் அப்படி என்ன ரகசியம்? ஊத்துக்குளிக் கல், டிரம், மோட்டார், இணைக்க ஒரு பெல்ட். மோட்டார் ஓடியும் டிரம் சுற்றவில்லையென்றால் அநேகமாக பெல்ட் தளர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருப்புளியோடு உட்கார்ந்தால் வீட்டிலேயே மாற்றிவிடலாம். மாவு மையாக அரையாவிட்டால் கல்லைக் கொத்த வேண்டும். மோட்டார் உறுமிக்கொண்டே நின்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். அதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நலம்.

"மெனக்கெடுவானேன், புதுசு வாங்கலாமே?" என்பார்கள். மோட்டார் கருகி, டிரம்மும் ஓட்டையானால் அது நியாயமே. திறந்து பாராமல் தீர்ப்புச் சொல்வதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். முதல் பக்கத்தைக்கூடப் புரட்டாமல் நாவலை மட்டம் என்பவரை விமர்சகர் என்போமா?

மூடியைத் திறக்க முடியாதபடி ஒட்டி விற்பவருக்கும் இதில் பங்குண்டு. ஆகையால் கடையில் விலை கேட்குமுன், "இதைக் கழற்ற முடியுமா? உதிரி கிடைக்குமா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரரே பதில் தேடி வைப்பார்.