பரிசு தரும் நாள் தவறு

சென்னையில் இப்போது உடற்பயிற்சிக் கூடங்கள் மட்டுமல்ல, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் ஐ.டி. அலுவலகங்களும்கூட எடைக்குறைப்பு 'சேலஞ்ச்' நடத்துகின்றன. நுழைவுக் கட்டணம், வாட்ஸ்அப் குழு, தினமும் சாப்பாட்டுத் தட்டின் படம், தொண்ணூறாம் நாள் எடை பார்த்து அதிகம் குறைத்தவருக்குத் தங்கக் காசு. குறைத்தவர்கள் மறுபடி ஏறிவிடுகிறார்களே என்று கேட்டால் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "குறைக்க வைப்பது எங்கள் வேலை. அதைக் காப்பாற்றுவது அவரவர் மனக்கட்டுப்பாடு." கேட்க நியாயமாக இருக்கும் இந்த வாதம் அடிப்படையிலேயே பிழையானது.

நன்மைகள் உண்டு. தனியாக நடக்கக் கூச்சப்படுபவர் கூட்டத்தோடு நடக்கிறார். சோறு மலைபோல் குவிந்த தட்டில் காய்கறிக்கும் முட்டைக்கும் இடம் கிடைக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு எடை குறைவது பெரும் பலன். பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வில் எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமாக இறங்கியது. நோய் திரும்பியவர்களுக்கு மற்றவர்களைவிட எடையும் அதிகம் கூடியிருந்தது. ஆக, பலன் தருவது குறைத்த எடையல்ல, குறைந்தபடியே நிற்கும் எடை.

என் ஆட்சேபம் இங்கேதான். கடினமான பாதி தொடங்கும் நாளில் சேலஞ்ச் நடத்துபவர்கள் எடைக்கருவியை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி பிக்கெஸ்ட் லூசர்' என்ற எடைக்குறைப்புப் போட்டி பிரபலமாக இருந்தது. அதன் 2009ஆம் ஆண்டுப் போட்டியாளர்கள் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் கெவின் ஹாலும் அவரது குழுவினரும் பரிசோதித்து, முடிவுகளை 2016இல் வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அவர்கள். அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல், அவர்கள் உடலளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. ஏறத்தாழ ஒரு வேளைச் சாப்பாடு. ஆறு ஆண்டுகள் கழித்தும் உடல் அந்தக் கணக்கை மூடவில்லை. 2011இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுதலாகவும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைவாகவும் இருந்தன. செலவு குறைகிறது, பசி கூடுகிறது. இந்த நிலையில் இருப்பவரைப் பார்த்து 'மனக்கட்டுப்பாடு இல்லை' என்பது அறியாமை. தெரிந்தே சொன்னால் அநியாயம்.

சேலஞ்சின் கடைசி வாரத்தில் நடப்பதைப் பாருங்கள். பரிசுக்கு அருகில் இருப்பவர் உப்பைக் குறைக்கிறார், சோற்றை அறவே நிறுத்துகிறார், முந்தின இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மாவுச்சத்து உடலில் சேரும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்கு நீரையும் பிடித்து வைக்கும். அது போனால் முள் இறங்கும். அப்படி இறங்குவதில் ஒரு பகுதி கொழுப்பே அல்ல. தங்கக் காசு வாங்கிய கையோடு ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் அந்தப் பகுதி ஓரிரு நாளில் திரும்பிவிடும். அதற்குள் ஃபிளெக்ஸ் பேனரில் 'முன்', 'பின்' படங்கள் ஏறிவிட்டன. 'அதற்கும் பின்' என்று மூன்றாவது படம் போட்ட பேனரை நான் எங்கும் பார்த்ததில்லை.

போடாததற்குக் காரணம் மறதி அல்ல. மறுபடி ஏறியவர் அவமானத்தோடு அடுத்த சேலஞ்சில் கட்டணம் கட்டிச் சேருகிறார். தோல்வி அவர் கணக்கில், வருமானம் நடத்துபவர் கணக்கில். 2025இல் இந்தியாவுக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகளிலும் பாடம் இதுவே: அவற்றில் ஒன்றான செமாகுளூடைடை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்று 2022இல் வந்த ஆய்வு சொல்கிறது. மருத்துவர்கள் உடல் பருமனைத் தொடர் சிகிச்சை தேவைப்படும் நோய் என்கிறார்கள். சேலஞ்ச் நடத்துபவர்களோ எடைக்குறைப்பைத் தொண்ணூறு நாளில் முடியும் திருவிழா என்கிறார்கள்.

வேறு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1994 முதல் நடக்கும் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து அதை ஓராண்டு காத்தவரை மட்டுமே சேர்க்கிறார்கள். அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தினமும் சுமார் ஒரு மணி நேரம் உடலை இயக்குபவர்கள், வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள். அதில் வித்தை எதுவும் இல்லை. நிறுத்தாமல் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

சேலஞ்ச் நடத்துபவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தொண்ணூறாம் நாள் கைதட்டுங்கள், தங்கக் காசைப் பூட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே தேதியில் மறுபடி எடை பாருங்கள். ஐந்து கிலோ குறைத்து அப்படியே நிற்பவருக்கு அதைக் கொடுங்கள். சம்மதிக்காதவரிடம் கட்டணம் கட்டாதீர்கள்.