பட்டம் வேறு, வம்சம் வேறு: கச்சியராயர்களை வாசிப்பது எப்படி?

வம்ச வரலாறு, குல வரலாறு என்ற பெயரில் வரும் சிறு நூல்களைத் தேடிப்பிடித்து வாசிப்பது என் வழக்கம். சிலவற்றைக் கல்யாண வீட்டில் தாம்பூலப் பையோடு கொடுப்பார்கள், சிலவற்றைத் திருவிழாக் கடையில் விற்பார்கள், சிலவற்றை யாராவது ஜெராக்ஸ் எடுத்து அனுப்பி வைப்பார்கள். இவற்றை இளக்காரமாகப் பார்க்கிறவன் இல்லை நான். ஆய்வேடுகளில் கிடைக்காத ஊர்ப்பெயரும், பங்காளி வரிசையும், குலதெய்வச் செய்தியும் இவற்றில் கிடைக்கும். ஆனால் இந்த நூல்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் ஒரு தாவு தாவுகின்றன. "எங்க பட்டம் கல்வெட்டுல இருக்கு. அதனால கல்வெட்டுல இருக்கிறவர் எங்க முப்பாட்டன்." இதுதான் அந்தத் தாவல்.

இந்தத் தாவல் சரியா என்று எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்றை வைத்தே பார்ப்போம்.

கம்மாபுரத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் விருத்தாசலம். பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே பழமலைநாதர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி. அந்தக் கோயிலில் சக ஆண்டு 1108, அதாவது கி.பி. 1186ஐச் சேர்ந்த ஒரு கல்வெட்டு உண்டு. கூடலூர்ப் பகுதியை ஆண்ட காடவர் தலைவர்களை அது தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறது. வளந்தனார், ஆட்கொல்லி, ஏழிசைமோகன், அரசநாராயணன் கச்சியராயன், ஆளப்பிறந்தான் வீரசேகரன் என்று வரிசை போகும். தமிழ்நாட்டில் ஒரு குறுநிலத் தலைவர் குடும்பம் தன் வழியைத் தானே கல்லில் எழுதி வைத்த அருமையான ஆவணம் இது.

இன்னொரு பக்கம், அதே விருத்தாசலத்தை ஒட்டி முகாசாபரூர் இருக்கிறது. அங்கே இருந்த ஜமீன்தார்களின் பட்டம் கச்சிராயர். கல்லில் கச்சியராயன், ஜமீனில் கச்சிராயர். ஊரும் பக்கம், பெயரும் பக்கம். கோடு இழுக்கக் கை துறுதுறுவென்று வரும். வரட்டும். இழுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, காலம். இந்தக் காடவர் வழியில் வந்த பெரிய ஆள் கோப்பெருஞ்சிங்கன். மூன்றாம் ராஜராஜ சோழனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தவன். ஹொய்சள நரசிம்மன் படை அனுப்பிச் சோழனை மீட்ட கதையைக் கடலூருக்குப் பக்கத்தில் திருவயிந்திரபுரம் கல்வெட்டு சொல்கிறது. 1243 முதல் தனக்கென்று ஆட்சியாண்டு போட்டுக்கொண்டு, சகலபுவனச் சக்கரவர்த்தி என்று சொல்லிக்கொண்டவன் அவன். அவனுடைய கல்வெட்டுகள் 1279ஓடு நின்றுவிடுகின்றன. சென்னை மாகாணத்தில் ஜமீன் என்பது சட்டப்படி உருவானது 1802ஆம் ஆண்டின் 25ஆவது ஒழுங்குமுறைச் சட்டத்தால். நடுவில் 523 வருஷம். பாண்டியர், விஜயநகரம், செஞ்சி நாயக்கர், பீஜப்பூர், மராத்தியர், முகலாயர், ஆற்காட்டு நவாப் என்று இத்தனை பேர் இந்த மண்ணில் வரி வாங்கிய காலம் அது. இதைத் தாண்டி ஒரு பட்டம் வரலாம். ஒரு குடும்பமும் வரலாம். ஆனால் பட்டம் வந்துவிட்டது என்பதாலேயே குடும்பமும் வந்துவிட்டதாக ஆகாது. அதைத் தனியாகக் காட்ட வேண்டும். முகாசாபரூர் என்ற ஊர்ப்பெயரிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. 'முகாசா' என்பது வரியை நீக்கியோ குறைத்தோ ஒருவருக்கு விட்டுக்கொடுத்த ஊரைக் குறிக்கும் பிற்கால வருவாய்ச் சொல். சோழர் காலச் சொல் இல்லை.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். அந்த 1186 கல்வெட்டையே கவனமாகப் படியுங்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர் காடவராயன் மட்டும், அடுத்தவர் கச்சியராயன், அவரே காடவராயனும்கூட. அப்பனுக்கு இருந்தது அப்படியே மகனுக்குப் போகவில்லை. அதாவது 12ஆம் நூற்றாண்டில் இது குடும்பப் பெயர் இல்லை. ஆளுக்கு ஆள் ஏற்ற சிறப்புப் பெயர். அதைக் குடும்பப் பெயராக்கியது நாம்.

கொடுத்தவன் பெயர் எங்கே?

சோழர் காலப் பட்டங்களின் அமைப்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பல பட்டங்களில் முன்னால் நிற்பது கொடுத்த அரசன் பெயர். ராஜராஜ மூவேந்தவேளான், மும்முடிச்சோழப் பிரமராயன், குலோத்துங்க சோழக் காடவராயன். இன்றைக்கு ஒரு விருதுக்கு முன்னால் கொடுத்தவர் பெயர் நிற்பது போலத்தான். அதிகாரிகளில் பெருந்தரம், சிறுதரம் என்று தர வரிசையும் இருந்தது. மூவேந்தவேளான் என்றால் மூன்று வேந்தர்களுக்குப் பிறந்தவன் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. நிலமுள்ள வேளாண் அதிகாரிக்குக் கிடைத்த பட்டம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பல்லவராயன் என்றால் மட்டும் 'பல்லவ ரத்தம்' என்று துள்ளிக் குதிக்கிறோம். ஏன்?

பெரியபுராணம் பாடிய சேக்கிழாருக்குச் சோழன் கொடுத்த பட்டம் உத்தமசோழப் பல்லவராயன் என்பது மரபு. அவர் குன்றத்தூர் வேளாளர். பல்லவ குலத்தவர் என்று யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு உதாரணம் போதாதா?

சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, மட்சுயி மூவரும் தொகுத்து 1978இல் வெளியிட்டார்கள். அந்த வழியில் நடந்த ஆய்வு சொல்வது என்ன? முதலாம் ராஜராஜனுக்குப் பிந்திய காலத்தில் மூவேந்தவேளான் மலிந்து கிடக்கிறது. பிறகு அது தேய்ந்து, 'அரையன்', 'ராயன்' என்று முடியும் பட்டங்கள் பெருகுகின்றன. ரத்தம் இப்படிக் காலத்துக்குக் காலம் பெருகித் தேயாது. அரசாங்கத்தின் தேவைதான் அப்படி மாறும்.

இன்னும் பின்னால் போனால் ஏனாதி. சங்க காலத்தில் படைத்தலைவனுக்கு அரசன் மோதிரத்தோடு கொடுத்த பட்டம். பழைய நிகண்டுகளைப் புரட்டினால் ஏனாதி என்ற சொல்லுக்குப் படைத்தலைவன் என்றும் பொருள், நாவிதன் என்றும் பொருள். ஒரே சொல் இத்தனை தூரம் நடந்திருக்கிறது. சொல்லைப் பிடித்துக்கொண்டு வம்சத்தைத் தேடினால் எந்த வீட்டு வாசலில் போய் நிற்போம்?

ஜெர்மனியில் எப்படி?

கம்மாபுரத்துக்காரனுக்கு ஜெர்மன் பிரபுக்கள் எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை ரொம்ப நாளாக, சலிக்காமல், கணக்குப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து கேட்டவர்கள் அவர்கள் என்பதால்தான்.

அங்கே பிரபுக் குலங்களை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று 'ஊராடெல்'. நம்ம ஊர் இல்லை, அவர்கள் மொழியில் 'ஊர்' என்றால் ஆதி. இடைக்கால ஆவணங்களிலேயே, ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள், பிரபுக் குலமாகத் தெரிந்த குடும்பங்கள். இன்னொன்று 'பிரீஃபாடெல்'. பிரீஃப் என்றால் கடிதம். பேரரசன் சாசனம் எழுதிக் கொடுத்ததால் பிரபு ஆனவர்கள். மகாகவி கதேயின் பாட்டனார் தையற்காரர், பிறகு விடுதி நடத்தியவர். கதேக்கு 1782இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் சாசனம் கொடுத்தார். பெயருக்கு நடுவில் 'ஃபன்' ஏறியது. இது ஒளிக்கிற விஷயம் இல்லை. தேதியோடு பதிவான விஷயம்.

சரி, ஆதிப் பிரபுக்கள்? அவர்கள் பட்டங்களின் வேரைப் பாருங்கள். ஹெர்ட்சோக் என்றால் படை நடத்திப் போகிறவன். கிராஃப் என்பவன் பிராங்கிய அரசர் காலத்தில் ஒரு வட்டாரத்தை அரசன் பேரில் நிர்வகித்த அதிகாரி. நம் கணக்கில் கலெக்டர். அந்த உத்தியோகம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகப் போக, உத்தியோகம் மறைந்து பெயர் நின்றது. இன்னும் வேடிக்கை, பிற்காலத்தில் ஆதிப் பிரபுக்கள் என்று நெஞ்சு நிமிர்த்திய பல குடும்பங்களின் முன்னோர் சுதந்திரமானவர்களே இல்லை. அரசனுக்கோ ஆயருக்கோ கட்டுப்பட்ட ஊழியர்கள். எஜமான் உத்தரவில்லாமல் கல்யாணம்கூடப் பண்ண முடியாது. குதிரை ஏறிப் போர் செய்ததாலும் கோட்டையைக் காத்ததாலும் சில தலைமுறையில் மேலே வந்தவர்கள்.

அவர்களும் நம்மைப் போலத்தான், ரோமானியர்களிடமிருந்து வந்தோம் என்றெல்லாம் வம்சக் கதை எழுதினார்கள். ஆனால் சரிபார்க்கும் பழக்கமும் கூடவே வளர்ந்தது. கோதா என்ற ஊரில் 1763 முதல் வந்த பஞ்சாங்கம் பிரபுக் குடும்பங்களின் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் வருஷா வருஷம் அச்சிட்டது. ஒரு குடும்பத்தின் முதல் ஆவணம் எந்த வருஷம், அதிலிருந்து அறுபடாத வழி எந்த ஆளிடம் தொடங்குகிறது என்று இரண்டு தேதியைத் தனித்தனியாகச் சொல்லும் முறையும் வந்தது. பெயர் கிடைக்கும் தேதி வேறு, வழி தொடங்கும் தேதி வேறு. நம் குல வரலாற்று நூல்களில் இல்லாதது இந்த ஒரு வரிதான்.

முடிவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஜெர்மனியில் 1919ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 109ஆவது பிரிவு பிறப்புச் சலுகையை நீக்கியது. பட்டம் வெறும் பெயரின் ஒரு பகுதி என்றது. இங்கே 1948இல் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீனை எடுத்தது. அரசியல் சாசனத்தின் 18ஆவது பிரிவு பட்டங்களை நீக்கியது. அங்கே கிராஃப் கடைசிப் பெயராகத் தங்கிவிட்டது. இங்கே ராயரும் உடையாரும் ஃபிளெக்ஸ் பேனரில் தங்கிவிட்டார்கள்.

பழைய வம்சாவளி நேர்மையானது

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. காலின் மெக்கன்சி தொகுத்த பாளையக்காரர் வம்சாவளிகளை எடுத்துப் பாருங்கள். கதை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த விருத்தாசலம் பீங்கான் பொம்மை மாதிரி இருக்கும். முன்னோர் ஒருவர் ராயரையோ நாயக்கரையோ காணப் போவார். புலியைக் கொல்வார், அல்லது அடங்காத எதிரியை அடக்குவார். அரசன் மகிழ்ந்து பட்டம், பல்லக்கு, குடை, விருது, ஊர் கொடுப்பான். நிக்கோலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையைப் பற்றி 1987இல் எழுதிய நூலில் இந்த அச்சை நன்றாக விளக்கியிருக்கிறார்.

புலிக்கதை நடந்ததா என்பது இருக்கட்டும். அந்த வம்சாவளி எழுதியவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது. பட்டம் ஒருவர் கொடுத்து வந்தது, ஒரு காரியத்துக்காக வந்தது. அதை மறைக்கவில்லை, அதைத்தான் பெருமையாகச் சொன்னார். நம் காலத்து நூல்களோ புலியையும் விட்டுவிட்டன, கொடுத்த அரசனையும் விட்டுவிட்டன. 'பிறவியிலேயே' என்று ஆரம்பிக்கின்றன. பழையவர் எழுதியது சம்பாதித்த கதை. நாம் எழுதுவது வாரிசுச் சான்றிதழ்.

இதில் என்ன போயிற்று, பெருமைக்குத்தானே எழுதுகிறார்கள், விட்டுவிடுங்கள் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. விட முடியாது. கோயிலில் யாருக்கு முதல் பரிவட்டம், தேர்வடம் யார் முதலில் தொடுவது என்ற தகராறில் இந்த நூல்கள் சாட்சிக்கு வருகின்றன. பட்டம் கொடுத்து வந்தது என்றால், அது கிடைக்காதவன் கிடைக்காதவன், அவ்வளவுதான். பட்டம் ரத்தத்தில் இருக்கிறது என்று சொன்ன மறுநிமிஷம், பக்கத்துத் தெருக்காரன் ரத்தத்திலேயே குறைந்தவன் ஆகிவிடுகிறான். ஒரு எழுத்துப் பிழை மாதிரித் தெரிகிற தாவல், தெருவில் இறங்கும்போது இப்படித்தான் இறங்கும்.

கல்வெட்டில் பட்டக்காரர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளைப் பொறுப்பேற்று, நாள்தோறும் நெய் அளந்த மன்றாடிகளின் பெயரும் சோழர் கல்வெட்டுகளில் வரிசையாக வருகிறது. அவர்களுக்கும் பேரன் பேத்திகள் இருந்திருப்பார்கள். நம் ஊர்களில் இன்றைக்கும் இருக்கலாம். அவர்களுக்காக யாரும் கல்யாண வீட்டில் புத்தகம் கொடுப்பதில்லை. கொடுத்தால் அதையும் வாங்கி வாசிப்பேன்.

குல வரலாறு எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். எழுதுங்கள், நிறுத்த வேண்டாம். பட்டம் எந்த ஆவணத்தில் முதலில் வருகிறது, கொடுத்தது யார், எதற்காக, உங்கள் குடும்ப வழி எந்தப் பெயரிலிருந்து அறுபடாமல் வருகிறது என்று நாலு வரி தனித்தனியாகப் போடுங்கள். நாலாவது வரியில் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு பாட்டனார் பெயர்தான் வருகிறதென்றால் அதையே போடுங்கள். பத்திரத்தில் பெயர் உள்ள ஒரு பாட்டனார், பெயர் தெரியாத இருபது மன்னர்களைவிட உங்களுக்கு நெருங்கின சொந்தம்.