ஆன்டன் பாய்சனும் மனநோயாளரின் மீள்வாழ்வும்: ஒரு திறனாய்வு

இறையியல் மாணவர் சில வாரங்கள் மருத்துவமனையில் தங்கி, நோயாளரைச் சந்தித்து, அச்சந்திப்புகளை எழுதிவந்து, ஆசிரியரோடும் உடன்மாணவரோடும் அமர்ந்து ஆராய்வது இன்று பல இறையியற் கல்லூரிகளில் ஆயர்பணிப் பயிற்சியின் ஒரு பகுதியாக உள்ளது. இம்முறைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன் (1876–1965). அவர் 1936இல் வெளியிட்ட 'தி எக்ஸ்ப்ளரேஷன் ஆஃப் தி இன்னர் வேர்ல்ட்' என்னும் நூலை 'அகவுலக ஆய்வு' எனத் தமிழில் குறிக்கலாம். இந்நூல் வெளிவந்த நாளில் மனநோயாளர் என்றால் மருத்துவமனைவாசி என்பதே பொருள். இன்றோ, மனநோயுற்றோர் ஊர் நடுவே பிறரோடு வாழத் துணைநிற்கும் பணிகள் பல நாடுகளில் உருவாகியுள்ளன. இச்சூழ்நிலையில் பாய்சனின் நூலில் எது நிலைபெறுகிறது, எது குறைபடுகிறது எனக் காண்பதே நம் நோக்கம்.

1. நூலின் பெருமை

பாய்சன் வெளியே நின்று எழுதியவர் அல்லர். 1920இல் கடுமையான மனநோயால் தாக்குண்டு, ஏறத்தாழ 15 மாதங்கள் மாசச்சூசெட்ஸ் மாநில மனநோய் மருத்துவமனைகளில் உள்ளிருப்பு நோயாளியாக வாழ்ந்தவர். நலம்பெற்ற பின், 1924இல் அதே மாநிலத்திலுள்ள வூஸ்டர் மருத்துவமனையில் குருவாகப் பொறுப்பேற்றார். 1925இல் முதன்முறையாக இறையியல் மாணவரை அங்கு அழைத்துவந்தார். நூல்களைக் கற்பதுபோலவே நோயாளரையும் உயிருள்ள மனித ஆவணங்களாகக் கருத்தூன்றிக் கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கையின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. நோயாளியின் பேச்சை மூளைக் கோளாற்றின் வெற்றொலி எனத் தள்ளிய மருத்துவர் ஒருபுறம். பேயின் குரல் என அஞ்சிய சமயத்தார் மறுபுறம். இவ்விருவருக்கும் இடையே நின்று, அப்பேச்சில் பொருளுண்டு என்றார் பாய்சன். உலகம் அழியப்போகிறது, தான் இறந்து மீண்டும் பிறக்கவேண்டும், உலகின் முடிவு தன் கையில் உள்ளது என்பன போன்ற எண்ணங்களை அவர் தாமே அனுபவித்தவர். காய்ச்சல் உடலின் தற்காப்பு முயற்சியாயிருப்பதுபோல, திடீரெனக் கொந்தளித்து எழும் சில மனநோய்களும் சிதைந்த ஆளுமை தன்னை மீண்டும் ஒழுங்குபடுத்த எடுக்கும் முயற்சியே என வாதிட்டார். எசேக்கியேல், பவுல், ஜார்ஜ் ஃபாக்ஸ், ஜான் பனியன் ஆகியோரின் அகப்போராட்டங்களை மனநோயாளரின் அனுபவங்களோடு ஒப்பிட்டார். திருச்சபைகள் உடல்நோய்க்கு மருத்துவமனைகளைக் கட்டி எழுப்பிவிட்டு, மனநோயாளரை மட்டும் கைகழுவி விட்டதை அவர் வன்மையாகக் கண்டிக்கிறார். அக்கண்டனம் இன்றும் கூர் மழுங்கவில்லை.

2. பொருள் காண்பதே மீட்பாகுமா?

ஆயினும் நூலின் மையவாதத்தில் ஓர் இடர் உள்ளது. வூஸ்டரில் 173 நோயாளரின் வரலாறுகளை ஆராய்ந்த பாய்சன், அவர்களை நோயை எதிர்கொள்ளும் முறைக்கேற்பப் பிரிக்கிறார். கலங்கித் துடித்துப் போராடுவோர்க்கு நலம்பெறும் வாய்ப்பு மிகுதி என்றும், போராட்டமின்றி மெல்ல ஒதுங்கிச் செல்வோர்க்கு நம்பிக்கை குறைவு என்றும் முடிவுசெய்கிறார். மருத்துவக் கணிப்பாக இது அமையலாம். ஆனால் நூலின் போக்கில் இக்கணிப்பு மதிப்பீடாக மாறிவிடுகிறது. போராடுபவர் தீர்க்கதரிசிகளோடு ஒரே வரிசையில் வைக்கப்படுகிறார். சுவரைப் பார்த்து அமர்ந்தே ஆண்டுகளைக் கழிப்பவர் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை.

நோயிலும் தெரிந்துகொள்ளப்பட்டோர், தள்ளப்பட்டோர் என இரு கூட்டத்தாரை இவ்வாறு அமைப்பது சீர்திருத்த மரபில் நிற்கும் நமக்கு நெருடலாகத் தோன்றவேண்டும். கிரியையினால் அன்று, கிருபையினாலேயே மனிதர் ஏற்றுக்கொள்ளப்படுகின்றனர் என அறிக்கையிடும் நாம், அனுபவத்தின் ஆழத்தை ஒரு புதிய கிரியையாக்கிவிடக் கூடாது. தன் துன்பத்திலிருந்து எந்தப் பாடமும் கற்காதவர், சாட்சி கூற ஒரு சொல்லும் இல்லாதவர், நாள்தோறும் மாத்திரை உண்டு உறங்கி எழுபவர் ஆகியோரும் கடவுளின் சாயலே.

மற்றொன்று, நோயின் வேரைப் பாய்சன் சரியாகவே கண்டார். யாருடைய அன்பும் ஏற்பும் ஒருவருக்கு இன்றியமையாதனவோ, அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டோம் என்னும் உணர்வே கொடியது என்றார். வேர் உறவின் முறிவாயின், மருந்தும் உறவின் மீட்பாக அன்றோ இருக்கவேண்டும்? நூலோ பெரும்பாலும் தனிமனிதரின் உள்ளத்திலேயே விடையைத் தேடுகிறது. மருத்துவமனை வழிபாட்டுக்கெனப் பாட்டுநூல் தொகுத்த அன்புள்ள குரு அவர். எனினும், வாயிற்கதவுக்கு வெளியேயுள்ள வீடு, வேலை, நட்பு ஆகியவை அவர் வாதத்தைத் தாங்கும் தூண்களாகவில்லை. அவர் 1930இலும் 1935இலும் மீண்டும் நோயுற்று மீண்டார். 1932 முதல் இல்லினாய் மாநிலத்தின் எல்ஜின் மருத்துவமனையில் பணியாற்றினார். ஓய்வுபெற்ற பின்னும் அங்கேயே வாழ்ந்து, 1965இல் அங்கேயே காலமானார். இதனை அவருடைய குறையாகக் கூறுவது நம் வேலையன்று. ஆனால், மருத்துவமனையே ஒருவருக்கு இல்லமும் சபையும் ஊருமாக அமையும்போது, வெளியே இருந்த சபைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்ற வினா எழாமற்போகாது.

3. நோயாளரே கண்ட விடை

பாய்சன் உயிரோடிருந்த காலத்திலேயே மற்றொரு விடை தோன்றியது. நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் மனநோய் மருத்துவமனையிலிருந்து வெளிவந்த சிலர் 1940களில் நகரில் ஒன்றுகூடினர். 'நாம் தனியாக இல்லை' என்பதே அவர்கள் தம் குழுவுக்கு இட்ட பெயர். இதிலிருந்து 1948இல் ஃபவுண்டன் ஹவுஸ் என்னும் மனை உருவாயிற்று. அங்கு வருவோர் நோயாளர் அல்லர், உறுப்பினர். சமையலும் அலுவலகப் பணியும் உறுப்பினரும் பணியாளரும் தோளோடு தோள் நின்று செய்பவை. ஒருவர் வராவிட்டால் அவரைத் தேடுவர். ஏனெனில் அவரால் ஆகவேண்டிய வேலை ஒன்று அங்கே காத்திருக்கும். 'உன் துன்பத்தின் பொருள் என்ன?' என்பது பாய்சனின் வினா. 'நாளைக்கு வருவாயா?' என்பது இம்மனையின் வினா. முதல் வினாவுக்கு விடைகூற இயலாதவரும் இரண்டாவதற்கு விடைகூற இயலும்.

மருத்துவமனையை விட்டு வெளியேறுவது மட்டும் மீள்வாழ்வு ஆகிவிடாது என்பதையும் அமெரிக்க வரலாறே கற்பிக்கிறது. 1955இல் அந்நாட்டின் பொது மனநோய் மருத்துவமனைகளில் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். 1963இல் சமுதாய மனநல நிலையங்களுக்கான சட்டம் வந்தது. மருத்துவமனைகள் காலியாயின, திட்டமிட்ட நிலையங்களுள் பல எழவேயில்லை. போக்கிடமற்றோர் பலர் தெருவுக்கும் சிறைக்கும் சென்றனர்.

நம் நாட்டிலோ குடும்பம் இன்னும் கைவிடவில்லை, ஆனால் களைத்துப்போயுள்ளது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கியபோதே, உறவினர் நோயாளரோடு தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறையைக் கைக்கொண்டது. பாய்சன் காணாத ஒன்றை அது கண்டது. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, மருந்தோடு தொழிற்பயிற்சியையும் இணைத்தது. நெடுங்காலம் நிறுவனங்களில் தங்கிவிட்டோர் நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வீடெடுத்து, துணையாளரோடு வாழும் ஏற்பாட்டைப் பான்யன் நிறுவனம் 2015இல் தொடங்கியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சமுதாயத்தில் வாழ்வதை மனநோயுற்றோரின் உரிமையென ஏற்றுள்ளது. சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. இத்தடையின் பின்னே ஒரு துயரம் உண்டு. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டுண்டிருந்த காரணத்தால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவ்வூருக்குப் பல சமயத்தாரும் தம் உறவினரைக் கொண்டுவந்தனர். ஆகவே அவர்கள் சாவுக்கு எச்சமயத்தாரும் பிறரைச் சுட்டிக்காட்டித் தப்பிக்க முடியாது.

4. கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு

சங்கிலி என்றதும் நம் நினைவுக்கு வருவது மாற்கு 5:1-20. நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் பன்றிக்கூட்டம் கடலில் பாய்ந்ததோடு உச்சத்தை எட்டிவிடுகின்றன. நற்செய்தியாளரோ அதற்குப்பின் நடந்தவற்றை விரிவாகவே கூறுகிறார். அம்மனிதன் உடையணிந்து, தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருந்ததைக் கண்ட ஊரார் மகிழவில்லை, அஞ்சினர். தம் எல்லையைவிட்டுப் போகுமாறு இயேசுவை வேண்டினர். நலம்பெற்றவன் இயேசுவுடன் செல்ல விரும்பினான். அது நியாயமான விருப்பமே. அவனைக் கட்டிவைத்த ஊர் அது. இயேசுவோ அவனை அவன் வீட்டுக்கும் இனத்தாரிடத்துக்கும் அனுப்பினார். குணமாக்குதல் அவன் உள்ளத்தோடு முடியவில்லை. அவனை வரவேற்க அறியாத ஊரையும் அது தொட்டது. வீட்டார் கதவைத் திறந்தனரா என்பதை மாற்கு கூறவில்லை. அதற்கு விடையளிக்கும் பொறுப்பு ஒவ்வொரு தலைமுறைத் திருச்சபைக்கும் விடப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம்.

எனவே பாய்சனை நாம் தள்ளிவிடவேண்டியதில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து மேலும் நடக்கவேண்டும். மருத்துவமனையில் ஆறு வாரம் பயிலும் மாணவர், அங்குச் சந்தித்த ஒருவரின் இசைவோடு, அவர் வீடு திரும்பிய பின்னும் சென்று காணட்டும். மாத்திரை தீர்ந்தால் யார் வாங்கிவருகிறார், இரவில் யார் விழித்திருக்கிறார், தெருவில் யார் பேசுகிறார், வருவாய்க்கு வழி என்ன என்பவற்றையும் அறிந்து எழுதட்டும். ஜெபத்தினால் நலமாயிற்று, மருந்தை நிறுத்து என எந்தப் போதகரும் கூறாதிருக்கட்டும். சபையில் மனநோயுற்றவருக்கென அனுதாபத்தை மட்டும் ஒதுக்காமல், அவர் வராவிட்டால் குறைபடும்படியான ஒரு பணியை அவர் கையில் கொடுக்கலாம். ஆலயத்தில் பாய் விரிப்பதாயினும், பாட்டுப்புத்தகம் வழங்குவதாயினும், கணக்கெழுதுவதாயினும் அது உண்மையான பணியாயிருக்கவேண்டும். ஓய்வறியாத தாய்க்கோ மனைவிக்கோ மாதம் ஒருநாள் விடுப்புக் கிடைக்கும்படி இரண்டு குடும்பங்கள் முன்வரலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. போதகர் தொடங்கிவைத்தால் போதும்.

உயிருள்ள மனித ஆவணத்தைப் படிக்கப் பாய்சன் நமக்குக் கற்பித்தார். எழுதப்பட்ட ஆவணத்தைப் படித்து முடித்தபின் அலமாரியில் வைத்துவிடலாம். மனிதர் மாலையில் வீடு திரும்பவேண்டும்.