பாக்கு நீரிணையின் இரு கரையிலும் நாயோடு ஒரு பயணம்

நெடுந்தீவில் ஒரு வீடு யாழ்ப்பாணத்துக்குக் குடிபெயர்கிறதென்றால் காரணம் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்புத்தான். கட்டில், அலுமாரி, தையல் மெசின் எல்லாம் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏறி மாவிலித்துறைக்கு வந்துவிடும். நாயும் பின்னாலேயே ஓடிவரும். அதை என்ன செய்வது என்ற பேச்சு பல குடும்பங்களில் இறங்குதுறைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. "இவன் இங்கேயே நிற்கட்டும், பக்கத்து வீட்டார் சோறு வைப்பினம்" என்று யாராவது சொல்ல, படகு புறப்பட்டுவிடும். வளர்த்தவர்களுக்கு மனமில்லாமல் இல்லை. கொண்டுபோகும் வழியை முன்கூட்டி யோசிக்காததால் நேர்வது இது.

வழி சுலபமானதும் இல்லை. குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். குமுதினி, வடதாரகை, 2017 இல் அவுஸ்திரேலிய உதவியோடு வந்த நெடுந்தாரகை, இவற்றோடு தனியார் படகுகள் என்று இந்தத் துறை பல படகுகளைக் கண்டிருக்கிறது. சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை படகுக்குள்ளேயே வந்து விழும். ஓட்டமே நின்றுபோகும் நாட்களும் உண்டு. குறிகட்டுவானில் இறங்கிய பிறகு புங்குடுதீவு, வேலணை கடந்து பட்டணத்துக்குப் போக பஸ்ஸில் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். நாயோடு நிற்பவரை ஏற்றுவதும் விடுவதும் படகில் படகோட்டியின் மனம், பஸ்ஸில் கொண்டக்டரின் மனம். பலர் கடைசியில் ஓட்டோவுக்குக் காசு கொடுத்துத்தான் வீடு போய்ச் சேர்கிறார்கள்.

நேரெதிர்க் கரையில் இராமேஸ்வரமும் ஒரு தீவுதான். ஆனால் அங்கே 1914 இலிருந்தே பாம்பன் பாலத்தின்மேல் ரயில் ஓடியது. பழைய பாலம் தளர்ந்ததால் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய தூக்குப் பாலம் திறந்ததும் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தத் தீவிலிருந்து சென்னைக்கு ஒருவர் நாயைக் கொண்டுபோக நினைத்தால் யாருடைய மனத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் எழுதிய விதி இருக்கிறது. முதல் வகுப்பில் இரண்டு அல்லது நான்கு படுக்கை கொண்ட அறை முழுவதையும் எடுத்தவர் நாயைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். ஸ்லீப்பரிலும் இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசிப் பெட்டிகளிலும் நாய்க்கு அனுமதி இல்லை. அங்கே போகிறவர் பார்சல் அலுவலகத்தில் தடுப்பூசி அட்டையையும் மருத்துவர் சான்றிதழையும் காட்டிப் பணம் கட்டி, நாயை கார்டு பெட்டியோடு சேர்ந்த கூண்டில் அடைக்க வேண்டும்.

விதி என்றதும் எனக்கு மதிப்பு வருகிறது. இந்தியாவின் 1978 ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளைப் படித்தால் அந்த மதிப்பு இன்னும் கூடும். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே உணவும் தண்ணீரும் கொடுத்து முடித்திருக்க வேண்டும். வழியில் கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் காட்ட வேண்டும். ரயில் பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல் நீண்டால் கவனிக்க ஒரு ஆள் கூடப் போக வேண்டும், எல்லா நிலையத்திலும் அவர் நாயை அணுக வழியிருக்க வேண்டும் என்கின்றன அவை. நாயைத் தெரிந்த யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

நடைமுறை வேறு. கூண்டு ரயிலின் ஒரு முனையில், உரிமையாளரின் இருக்கை பத்துப் பெட்டி தள்ளி. இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தில் தண்ணீர்ப் போத்தலோடு அவர் எவ்வளவு தூரம் ஓட முடியும்? நாயின் உடலில் சூட்டைத் தணிக்கும் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில்தான் உண்டு. மூச்சிரைத்தே அது சூட்டைத் தணிக்கிறது. காற்றோட்டமில்லாத இரும்புக் கூண்டில், ஏப்ரல் மே வெயிலில், இரைத்தும் சூடு இறங்காது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை அந்தக் கூண்டில் விடுவது அவற்றின் உயிரோடு விளையாடுவது. பணம் உள்ளவரின் நாய் முதல் வகுப்பில் அவர் காலடியில் படுத்துப் போக, மற்றவர்களின் நாய் சரக்காகப் போகிறது. நான்கு கிலோப் பூனையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓர் ஏழை ஏன் தன் இருக்கையிலேயே போகக்கூடாது? ஆகாசா ஏர் என்ற விமான நிறுவனமே 2022 இலிருந்து சிறு பிராணிகளைப் பயணிகளோடு ஏற்றுகிறது. ரயிலுக்கு அது ஏன் இன்னும் ஆகவில்லை?

நெடுந்தீவுப் படகில் இந்தப் பிரிவு இல்லை. ஏற்றிவிட்டால் நாய் தன் ஆளின் முழங்காலோடு ஒட்டி நிற்கும். அவருடைய கை அதன் தலையில் இருக்கும். மிரண்ட பிராணிக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து முறையில் நான் விட்டுக்கொடுக்க விரும்பாதது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் மாற வேண்டும்.

பூனையை உரப்பையில் போட்டு வாயைக் கட்டிக் கொண்டுவருகிறார்கள். அந்தப் பையின் உட்புறம் பெரும்பாலும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியது, காற்றுப் போகாது. மீன் பெட்டியைத் துளையிட்டுக் கழுவி, பழைய சாரத்தை விரித்து, மூடியைக் கயிற்றால் கட்டினால் செலவில்லாமல் நல்ல கூடு கிடைக்கும். அந்தக் கூட்டை ஒரு வாரம் முன்னதாகவே வீட்டில் திறந்து வைத்து அதற்குள்ளேயே சாப்பாடு வைத்தால், பயண நாளில் பூனை நகத்தால் பிறாண்டாது. நாயைக் கழுத்துச் சங்கிலியோடு படகின் விளிம்புக் கம்பியில் கட்டுவது இன்னும் ஆபத்து. அலை தூக்கி எறிந்தால் அது வெளியே தொங்கிக் கழுத்து இறுகிச் சாகும். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வாரைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது படகின் நடுவில் தாழக் கட்டுங்கள். இயந்திரத்துக்கு அருகில் வேண்டாம். டீசல் புகையும் வாந்தியைக் கூட்டும். காலைப் படகென்றால் சாப்பாட்டை முதல்நாள் இரவோடு நிறுத்தி, தண்ணீரை மட்டும் கொடுக்கலாம். மனிதருக்கான தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். எந்த மருந்தானாலும் மிருக வைத்தியர் எடை பார்த்துச் சொல்ல வேண்டியது.

விசர்நாய்த் தடுப்பூசியில் தமிழ்நாட்டுக்காரருக்குச் சான்றிதழ் இல்லாமல் பார்சல் அலுவலகம் தாண்ட முடியாது என்ற கட்டாயமாவது உண்டு. இங்கே படகேறும்போது அட்டையைக் கேட்பார் இல்லை. நெருக்கி உட்காரும் படகில் மிரண்ட நாய் அடுத்தவரின் குழந்தையைக் கடித்தால் நடுக்கடலில் என்ன செய்வது? ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக மூன்று வாரமாவது ஆகும். ஆகவே இடம்பெயரும் முடிவு எடுத்தவுடன் முதலில் செய்ய வேண்டியது ஊசிதான்.

சட்டத்தைக் கேட்டால் இரு நாடும் வெட்கப்பட வேண்டும். இலங்கையின் மிருகவதைச் சட்டம் 1907 ஆம் ஆண்டினது. தண்டம் நூறு ரூபாவைத் தாண்டாது. இந்தியாவின் 1960 ஆம் ஆண்டுச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதிப்பது பத்திலிருந்து ஐம்பது ரூபாய். ஒரு பிராணியை மூச்சுத் திணற அடைத்துக் கொண்டுபோனவருக்கு இது தேநீர்ச் செலவு. இலங்கையில் புதிய விலங்கு நலச் சட்டமூலம் பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே நிற்கிறது.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கிய பிறகு, நாயைக் கூட்டிக்கொண்டு அக்கரை போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இரு நாட்டிலும் முன் அனுமதி, ஊசிச் சான்று, உடல்நலச் சான்று மூன்றும் வேண்டும்; இங்கே கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தையும், அங்கே சென்னையிலுள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தையும் கேட்காமல் ரிக்கற் எடுக்க வேண்டாம். 1983 க்குப் பிறகு வள்ளங்களில் மண்டபம் முகாமுக்குப் போன சனம் நாய்களைக் கரையில் விட்டுப் போனது உயிர் தப்ப ஓடிய காலம். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

இந்தியாவிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது எழுதிய விதியை. நாம் விடக்கூடாதது பிராணி தன் ஆளோடு போகும் வழக்கத்தை. நெடுந்தீவு பிரதேச சபையும் படகுச் சங்கங்களும் சேர்ந்து படகில் நிழலான ஒரு மூலையை ஒதுக்கி, கட்டுவதற்கு இரண்டு வளையங்களைப் பொருத்தி, ஊசி அட்டை உள்ள பிராணிக்கு ஒரு சிறு கட்டணத்தையும் எழுதி ஒட்டினால் போதும். பெரிய செலவில்லை. அடுத்த சோழகம் தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள்.