அழுத்தமா, புலமா?

காந்தப்புலம் அற்ற பாதைகளிற் செல்லும் இலத்திரனின் அவத்தை, அப்பாதைகள் சூழ்ந்து நிற்கும் வரிச்சுருளால் மாறும் என அகரனொவ், போம் இருவரும் 1959இல் எழுதினர். ஏரன்பேர்க், சிடே ஆகியோர் 1949இலேயே இதனைச் சுட்டியிருந்தனர். 1986இல் தொனோமுரா குழுவினர் மீகடத்தியாற் புலத்தை மறைத்துச் செய்த பரிசோதனை ஐயத்தைப் போக்கியது.

ஆயினும், ‘காவியழுத்தமே மெய்ப்பொருள்’ என்னும் முடிபு சான்றினை விஞ்சியதாகும். புலம் மாறாதவாறு ஓரிடத்து அழுத்தத்தின் பெறுமானத்தை நாம் விரும்பியபடி மாற்றலாம். தலையீட்டுக் கோலம் மாறாது. மூடிய பாதை முழுவதற்குமான கூட்டுத்தொகையே, அதாவது பாதை சூழ்ந்த காந்தப்பாயமே, அவத்தை வேறுபாட்டைத் தீர்மானிக்கின்றது. பாதையிலுள்ள புலம் கூறுவது குறை. அழுத்தம் கூறுவது மிகை. வூ, யாங் இருவரும் 1975இல் அவத்தைக் காரணியை முதன்மைப்படுத்தியமை இதனாலேயே பொருத்தமாகின்றது.