பாலம் தெரிந்த படம்

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை டில்லியை விட்டுக் கண்டிக்கு வந்து, பேராதனைப் பூங்காவில் அமர்ந்தது. பர்மாவையும் தாய்லாந்தையும் பற்றிய போர் முடிவுகள் அந்த மரநிழலில் ஆராயப்பட்டன. அவற்றுக்கு ஆதாரமாய் நின்றவற்றுள் முக்கியமானது வான்படம். கல்கத்தாவின் அலிப்பூரிலிருந்து பறந்த மொஸ்கிற்றோ விமானங்கள் எடுத்த படங்களை இரண்டிரண்டாக அடுக்கி, இரு வில்லைகள் பொருத்திய கருவியால் நோக்கினால், நிலம் மேடும் பள்ளமுமாய் எழுந்து நிற்கும். நிழலின் நீளத்தைக்கொண்டு உயரத்தைக் கணிக்கலாம். இத்திறமையை நாம் குறைத்து மதிக்கவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

சயாம் மரண இரயில் என மலாயாத் தமிழர் இன்றும் கூறும் 415 கிலோமீற்றர் பாதையை யப்பானியர் 1943 ஒக்டோபரில் முடித்தனர். அதன் பாலங்களே நேசநாட்டு விமானங்களின் குறி. குண்டு வீழ்ந்தபின் படம். பாலம் செப்பனிடப்பட்டிருந்தால் மீண்டும் குண்டு. அப்பாதையில் உழைத்தவர் யார்? வெள்ளைக் கைதிகள் மட்டுமல்லர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரும் அங்கு மாண்டனர். படம் உழைப்பைத் துல்லியமாகப் பதிவு செய்தது, உழைத்தவரைக் காட்டவில்லை.

அத்தனை உயரத்திலிருந்து ஆளைப் பிரித்தறிய முடியுமா எனக் கேட்கலாம். முடியாதுதான். ஆனால் படம் தானாகப் பேசுவதில்லை. கேட்ட கேள்விக்கே விடை தருகிறது. பாலம் நிற்கிறதா என்று கேட்டவர்க்கு, நிற்கிறது என்றது. பாதையோரக் குடிசையில் கிடப்பவன் யாரென அறிய வேறு சாட்சியம் வேண்டும். 1944 செப்டெம்பரில் நொங் பிளாடுக் இரயில் தரிப்பிடத்தைத் தாக்கியபோது, அருகிலிருந்த முகாமில் எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகள் தம் நேசநாட்டுக் குண்டுகளுக்கே இரையாயினர்.

பேராதனையைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலும், அதே தமிழகத்திலிருந்து அதே கங்காணி முறையால் வந்த மக்களே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். அவர்களைக் காண விமானம் வேண்டியதில்லை.

1945 ஓகஸ்டில் யப்பான் பணிந்தபின், இத்தலைமை அமைத்த மீட்பு நிறுவனத்தின் பெயரில் நேசநாட்டுப் போர்க்கைதிகளும் தடுத்துவைக்கப்பட்டோருமே இடம்பெற்றனர். காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்குக் கல்லறை வரிசை உண்டு. தமிழ்த் தொழிலாளருக்கு அப்படியொன்று இல்லை.

கண்டியிலிருந்து தொலைவில்லாத கித்துல்கலவில், 1957-இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காக டேவிட் லீன் மரப்பாலம் ஒன்றைக் கட்டித் தகர்த்தார். தரையில் நின்ற அந்தக் கமராவுக்கு உயரம் என்ற சாக்கும் கிடையாது. அங்கும் பாலம் கட்டுவோர் போர்க்கைதிகளே. தமிழ்த் தொழிலாளிக்குக் கதையில் இடமில்லை.